லீவில் நடும் மரம்

விமானம் இறங்கிய மறுநாளே என் கணவர் ஹாமிது மண்வெட்டியோடு முற்றத்தில் நின்றார். பக்கத்தில் கறுப்புப் பையில் ஒரு சரக்கொன்றைக் கன்று. மே மாதத்துக் காயல்பட்டினம், உச்சி வெயில். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இதே இடத்தில் இதே மனிதர் நட்ட கன்றுகள், அவர் துபாய் திரும்பிய கையோடு கருகிப்போயின. நான் தண்ணீர் ஊற்றாமலா இருந்தேன்? குடம் குடமாக ஊற்றினேன். அனலாக அடிக்கும் மேல்காற்று விட்டால்தானே.

"இப்ப வேண்டாங்க. ஐப்பசி மழையில வச்சா தானா புடிச்சுக்கிடும். நானே வச்சிருதேன்."

"நீ வைக்கதுக்கா நான் வாங்கிட்டு வந்தேன்?"

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். இந்த வீடும் என் வாப்பா கட்டிக் கொடுத்தது. தரை ஓடு முதல் கதவுத் தாழ்ப்பாள் வரை அவர் பார்த்துப் பார்த்துப் போட்டது. ஊர் வழக்கம்தானே, இதில் நினைக்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன்.

"ஒன் வீட்டுல என் கையால வச்சதுன்னு ஒரு மரமாவது நிக்கட்டுமே, சக்கீனா" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைப் போட்டு வாட்டியது. பாவி மனுஷன், இதை மனதில் வைத்துக்கொண்டா இத்தனை வருடமும் விருந்தாளி மாதிரி வந்து போனார்!

"அப்ப ஐப்பசியில வாங்க."

"மே மாசந்தான் லீவு. ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். மரத்துக்குத் தெரியாதே."

மண்வெட்டியைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். லீவு முடிந்து கிளம்பும்போது கன்றைப் பையோடு கிணற்றடி நிழலில் வைத்தார். "இதச் சாவ விட்றாத" என்றார், அவ்வளவுதான்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. குழியைத் தோண்டிவிட்டு, நடுவதைப் பார்க்கவாவது செய்யட்டுமே என்று அவருக்கு வீடியோ கால் போட்டேன்.

"வைக்காதளா! லீவு கேட்டிருக்கேன். மேனேஜர் பாக்கலாம்னு சொல்லுதான்."

"அதுக்குள்ள மழை நின்னுட்டா?"

"கொஞ்சம் பொறு."

அந்தப் 'பாக்கலாம்' எனக்குத் தெரியாததா? பெற்றவர்கள் இறந்து, அவர்கள் மையத்தை அடக்குவதற்கே வந்து சேர முடியாதவர்கள் எங்கள் தெருவில் உண்டு. ஆனாலும் கன்றை எடுத்துத் திரும்பக் கிணற்றடியிலேயே வைத்தேன்.

ராத்திரியெல்லாம் ஊற்றியது. விடிந்து பார்த்தால் குழி தளும்பிக் கிடந்தது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் வருவதற்குள் குழி தூர்ந்துவிடக் கூடாதே என்று பழைய பெயிண்ட் டப்பா ஒன்றை எடுத்துக் குழித் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றினேன். நான் இறைக்க இறைக்க, மழை பெய்துகொண்டே இருந்தது.