லூசியம்மாளின் தட்டு

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பருவோடு உள்ளே போகிறவர் பருவில்லாத படத்தோடு வெளியே வருவார். மாப்பிள்ளையின் தொப்பையைக் குறைப்பார், மாமனாரின் வழுக்கையில் முடி நடுவார். இதுவரை யாரும் சண்டைக்கு வராததால் துணிச்சல் கூடிவிட்டது.

என் அக்கா தையல்காரி. மாதா கோயில் ஓவியங்கள் என்றால் அவளுக்கு உயிர். பூசை நடக்கும்போதே சாமியாரை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பழைய ஓவியங்களின் படங்களைக் கைபேசியில் தேடியெடுத்துத் தினமும் காலையில் குடும்பக் குழுவில் ஒன்று போடுவாள். கூடவே குரல்பதிவில் ஒரு குறிப்பும் வரும். மாதாவின் நீல அங்கி முழங்காலில் மடிந்து விழும் அழகைப் பாருங்கள், வரைந்தவன் துணியைக் கையில் பிடித்துப் பார்த்தவன் என்பாள். சூசையப்பர் சட்டை அக்குளில் இழுக்கிறது, பாவம், எப்படி மரம் இழைத்தாரோ என்பாள். நாங்களோ படத்தைத் திறக்காமலே கும்பிடும் கை ஒன்றைத் தட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவோம்.

அப்பேர்ப்பட்டவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடும் நிலை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. இனியும் தள்ளிப்போட்டால் சிக்கல் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார்.

அக்காவுக்கு உள்ளூர நடுக்கம். போவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டாள். எங்கள் கோயிலின் பக்கப் பீடத்துக்கு மேலே, நல்ல உயரத்தில், புனித லூசியாவின் ஓவியம் இருக்கிறது. கண் நோய்க்காரர்களின் பாதுகாவலி. கையிலுள்ள தட்டில் இரண்டு கண்களை ஏந்தி நிற்பாள். அதில் ஒன்று லேசாக ஓரப்பார்வை பார்க்கும். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்து நாங்கள் அடி வாங்கியிருக்கிறோம். இப்போது கீழே நின்று பார்த்தால் அக்காவுக்கு வெறும் மங்கல்தான். படமெடுத்துக் கொடுத்தால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தைரியமாகப் போவேன் என்றாள்.

வீட்டுக்காரர் எங்கள் கோயிலுக்கு வருவதெல்லாம் கல்யாணப் படமெடுக்கத்தான். ஆனாலும் சாமியாரிடம் அனுமதி வாங்கி, ஏணி போட்டு ஏறி, விளக்கு வைத்து எடுத்தார். அன்று மாலையே குழுவில் படம் வந்தது. நானும் வழக்கம்போல் கும்பிடும் கையைத் தட்டினேன்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனால், தையல் மிஷினை உறை போட்டு மூடிவைத்திருந்தாள். ஆபரேஷன் வேண்டாமென்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடச் சொன்னாள். காரணம் கேட்டால் பேச்சை மாற்றினாள். நானும் விடவில்லை.

“நேரம் கடந்துபோச்சுடி,” என்றாள் கடைசியில். “எவ்வளவு பெருசாக்கிப் பார்த்தாலும் தட்டுல கண்ணு தெரியல. ரோசாப்பூ தெரியுது. இல்லாதது தெரியுற அளவுக்கு என் கண்ணு கெட்டுப்போச்சு. இனிமே ஆபரேஷன் பண்ணி என்ன ஆகப்போகுது?”

கைபேசியை வாங்கி, அப்போதுதான் அந்தப் படத்தைத் திறந்தேன். தட்டில் இரண்டு ரோசாப்பூ. பனித்துளிகூட இருந்தது. லூசியம்மாள் முகம் வெளுத்து, கன்னம் சிவந்து, கல்யாணப் பெண்ணாட்டம் நின்றாள். தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தைக் காணோம்.

உடனே ஸ்டுடியோவுக்குப் போன் போட்டு, அக்காவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். மனிதர் குரலில் பெருமை தாங்கவில்லை. வெடிப்பையெல்லாம் அடைத்தாராம். தலைக்குப் பின்னால் ஃபிளாஷ் வெளிச்சம் விழுந்திருந்ததாம், அதையும் எடுத்தாராம்.

“தட்டுல யாரோ விளையாட்டுக்குக் கண்ணு வரைஞ்சு வெச்சிருந்தாங்க. ஆபரேஷனுக்குப் போற நேரத்துல அக்கா பயந்துருவாங்களேன்னு பூ வெச்சேன்,” என்றார்.

நான் திட்ட வாயெடுப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்தாள். பூ நிஜமாகவே படத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். பனித்துளி? அதுவும் இருக்கிறது என்றேன். அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்தவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கை வைக்காத படத்தை அவர் அனுப்பினார். வெடிப்புகளுக்கு நடுவே இரண்டு கண்களும் இருந்தன. அக்கா கைபேசியை மூக்கில் ஒட்டாத குறையாகப் பிடித்துக்கொண்டு, ஓரப்பார்வைக் கண்ணை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மிஷின் உறையை எடுத்து மடித்து வைத்தாள்.

ஆபரேஷன் முடிந்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணும் தெளிந்த பிறகு மூவரும் கோயிலுக்குப் போனோம். அக்கா கீழே நின்றபடியே ஓவியத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்து முடித்தாள். அப்புறம் தலைகுனிந்து நின்ற என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, உங்க முகத்துல இவ்வளவு சுருக்கமா? இத்தனை நாளா நீங்க டச்சப் பண்ணின மாதிரியே தெரிஞ்சீங்க. புரை உங்களுக்கு மேல கைகாரன் போல.”

அவர் அசடு வழியக் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

“தடவாதீங்க. இப்பதான் நல்லா இருக்கீங்க,” என்றாள் அக்கா.

அன்று மாலை குழுவில் ஒரு படம் வந்தது. லூசியம்மாளுக்குக் கீழே நாங்கள் மூவரும், எல்லாச் சுருக்கத்தோடும். என் முகவாயில் இருக்கும் தழும்பை அவர் எடுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அதை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. பெரிதாக்கி நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடும் கையைத் தட்டினேன்.