டோர்மட்டின் குரல் வந்து சேரும் நாட்கள்

டோர்மட் மக்கிவருக்கு எண்பது வயதான இலையுதிர்காலத்தில் அவர் குரல் தாமதமாக வரத் தொடங்கியது. ஞாயிறு காலை ஸ்கெராவிக் ஆலயத்தில் அவர் முன்பாடகராக நின்று பாடியது, செவ்வாய் மதியம் கப்பல் துறையில் கேட்டது. வாய் அசைந்த நேரத்தில் ஆலயத்தில் ஒரு சத்தமும் இல்லை.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் நாங்கள் பாடும் முறை தெரிந்தால்தான் இதிலுள்ள சிக்கல் புரியும். வாத்தியம் கிடையாது. முன்பாடகர் வேதாகமச் சங்கீதத்தின் ஒரு வரியைத் தனியாகப் பாடிக் கொடுப்பார். சபை அதே வரியை மெதுவாக இழுத்து, ஆளுக்கொரு வளைவோடு திரும்பப் பாடும். எல்லோர் கையிலும் புத்தகம் இல்லாத காலத்தில் ஏற்பட்ட வழக்கம் இது. கொடுத்த வரியை வாங்கிப் பாடாமல் விடக் கூடாது. ஆகவே அந்தச் செவ்வாய், வரிசையில் நின்ற கார்களின் மேல் டோர்மட்டின் குரல் வந்தபோது, ஆடுகளை ஏற்றி வந்த லாரிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பதில் பாடினார். பின்னால் நின்றவர்களும் பாடினார்கள். கப்பல் ஏழு நிமிடம் பிந்திப் புறப்பட்டது. மறுவருடம் தாமதம் மூன்று வாரமாகி, குரல் மதுக்கடைக்கு வந்தது. இருபது வருடமாக ஆலயப் படி ஏறாத ஒருவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வரியை வாங்கினார். எண்பத்துநான்கு வயதில் தாமதம் ஐந்து மாதம். டோர்மட்டின் மனைவி எஃபி, பாடிய நாளையும் வந்த நாளையும் சமையலறை நாட்காட்டியில் குறித்துவந்தார். இடைவெளி கூடியதே தவிர ஒருமுறையும் குறையவில்லை. எங்கே வரும் என்பதற்கு மட்டும் அவரால் கணக்கு கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த வருடம் போதகர் ஃபின்லே இரண்டு சபை மூப்பர்களோடு அவர்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்தார். கிளாஸ்கோக்காரர், வயது ஐம்பத்தெட்டு.

"பெரியவரே, அம்பத்திரெண்டு வருஷம் பாடிட்டீங்க. இனி உக்காருங்க. வாயை மட்டும் அசைச்சா சபை எதைக் கேட்டுப் பாடும்?"

"வாயைப் பாத்துப் பாடட்டும். காது கேக்காத கேட்டி நாப்பது வருஷமா அப்படித்தான் பாடுறா."

"சத்தமே இல்லாத பாட்டால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"நட்ட அன்னிக்கே உருளைக்கிழங்கைத் தோண்டிப் பாக்குற ஆளுங்க உங்க கிளாஸ்கோல இருப்பாங்க போல. கர்த்தர் என்னை உக்காருன்னு சொல்லல ஐயா. தள்ளிப்போட்டுக் கேக்க வைக்கிறாரு, அவ்வளவுதான்."

"இன்னொரு ஸ்கோன் ரொட்டி எடுத்துக்குங்க," என்றார் எஃபி. "அவரு உக்கார மாட்டாரு. அறுபது வருஷமா நானும் சொல்லிப் பாத்தாச்சு."

அடுத்த ஞாயிறு முன்பாடகர் இருக்கையில் வேறொருவரை உட்கார வைத்தார்கள். டோர்மட் தன் பெஞ்சிலேயே எழுந்தார், கைத்தடியால் தரையை மூன்று முறை தட்டினார், சத்தமில்லாமல் சங்கீதம் முழுவதையும் பாடினார். புதியவர் கொடுத்த வரியைச் சபை வாங்கியது. டோர்மட் கொடுத்ததைக் கேட்டி மட்டும் வாங்கினார்.

ஐந்து மாதமும் நான்கு நாளும் கழித்து, இன்வெர்னஸ் ஆஸ்பத்திரியில் ஃபின்லே தன் தாயின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்த அம்மாள் ஆறு வாரமாக ஒரு சொல் பேசவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு அறையில் யாரோ தரையை மூன்று முறை தட்டினார்கள். பிறகு முதல் வரி வந்தது. அது எந்த ஞாயிறு என்று ஃபின்லேவுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் வாயைத் திறக்குமுன் அவருடைய தாய் வரியை வாங்கினார். கடைசி வரிவரை தாயும் மகனும் பாடினார்கள். செவிலியர் மருந்துத் தட்டோடு வாசலில் காத்திருந்தார்.

ஃபின்லே ஊர் திரும்பி டோர்மட்டை முன்பாடகர் இருக்கைக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போனார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, டோர்மட்டும் எதிர்பார்க்கவில்லை. அன்றுமுதல் சபை அவர் வாயைப் பார்த்துப் பாடியது.

டோர்மட் தொண்ணூற்றொரு வயதில், முந்தின ஞாயிறுவரை நின்று பாடிவிட்டு, இறந்தார். அடக்கத்தின் மறுநாள் குரல் வந்தது. தபால்காரர் வேனை ஓரமாக நிறுத்திவிட்டுப் பதில் பாடினார். எந்தச் சங்கீதம் எந்த நாளில் வரும் என்று எஃபி கணக்கிட்டுப் போட்ட பட்டியல், கப்பல் துறையில் நேர அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. டோர்மட் போய் மூன்று வருடமாகிறது; இப்போது வருபவை அவர் எண்பத்தொன்பது வயதில் பாடியவை. கடைசிச் சங்கீதத்துக்கு இன்னும் எட்டு வருடம்.

போன மாதம் மூப்பர்கள் ஃபின்லேவைப் பார்க்கத் தேநீர் நேரத்தில் போனார்கள். அறுபத்தெட்டாகிவிட்டது, ஓய்வெடுக்கலாமே என்றார்கள்.

"எட்டு வருஷம் கழிச்சு வாங்க," என்றார் ஃபின்லே. "கடைசி வரியை வாங்க ஆள் வேணும்."

அவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு, பட்டியலில் அடுத்த தேதியைப் பார்க்கக் கப்பல் துறைக்குப் போனார்கள்.