விக்டரின் பாஸ்போர்ட் காணவில்லை

அம்மா இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலையில்தான் பாஸ்போர்ட்டைக் காணோம் என்று விக்டருக்குத் தெரிந்தது. அடுத்த நாள் மாலை சென்னையிலிருந்து விமானம். திங்கட்கிழமை பிரான்சில், துலூஸ் நகரத்தில் வேலைக்குப் போயாக வேண்டும். பத்து வருடமாக அவன் பிரெஞ்சுக் குடிமகன். அந்தச் சிவப்புப் புத்தகம் இல்லாமல் விமானத்தில் கால் வைக்க முடியாது.

குருசுக்குப்பத்து வீட்டில் பெட்டியை மூன்று முறை கொட்டிப் பார்த்தான். அலமாரி, மெத்தைக்கு அடி, துவைக்கப் போட்ட துணிகள் எதிலும் இல்லை. பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்த அப்பா தனிஸ்லாஸின் தலையணையைக்கூடத் தூக்கிப் பார்த்தான். தங்கை ஆனந்தமேரியும் கூடவே தேடினாள். நடுநடுவே போய் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தாள், கஞ்சி புகட்டினாள், துணி மாற்றினாள், மறுபடி வந்து தேடினாள்.

ஊரிலேயே இருந்த பிரெஞ்சுத் தூதரகத்துக்கு ஓடினான். அவசரப் பயணப் பத்திரம் வேண்டுமென்றால் முதலில் போலீசில் புகார் கொடுத்து நகல் கொண்டு வரச் சொன்னார்கள். தமிழில் எழுதும் பழக்கம் அவனுக்கு விட்டுப்போயிருந்தது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளை அப்பாவுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டுத் தங்கையை அழைத்துப் போனான்.

அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். வீட்டுக்குள் யார் யார் வருவார்கள் என்று ஸ்டேஷன் ரைட்டர் கேட்டார். விக்டர் யோசிக்கவே இல்லை. வைத்திக்குப்பத்திலிருந்து சின்னப்பாப்பா வேலைக்கு வருகிறாள், தன் அறையைப் பெருக்குகிறவள் அவள்தான் என்றான். அந்தப் பெயரையும் எழுதுங்கள், கூப்பிட்டு விசாரித்தால் தெரிந்துவிடும் என்றார் ரைட்டர்.

ஆனந்தமேரி முதல் எழுத்தை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அவ எடுக்கலண்ணே. நான்தான் எடுத்து வச்சிருக்கேன்."

ரைட்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளுங்கள் என்று காகிதத்தைக் கிழித்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தன் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினாள். உள்ளே இரண்டு பாஸ்போர்ட்டுகள் இருந்தன. நீலநிறத்தில் இருந்தது அவளுடையது. திறந்தால் முப்பத்து நாலு வயது ஆனந்தமேரி சிரிக்காமல் பார்த்தாள். துலூஸில் நடந்த அவனுடைய கல்யாணத்துக்குப் போவதற்காக எடுத்தது. கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது அப்பா பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். பக்கங்களில் ஒரு முத்திரைகூட இல்லை. காலாவதியாகி மூன்று வருடம் ஆகியிருந்தது.

"ஏன் மேரி? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"நீ அப்பாவப் பாத்துக்க, பத்து நாள் நிம்மதியா தூங்கணும்போல இருந்துச்சு. கேட்டா லீவு இல்லம்ப. போன தடவயும் அதான் சொன்ன."

அவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கொல்லைப்புறத்தில் கிணற்றுக்கும் சுவருக்கும் நடையாய் நடந்தான். போன தடவை அப்படிச் சொன்னது நிஜந்தான். இருட்டுவதற்குள் துலூஸுக்குப் போன் போட்டு லீவைப் பத்து நாள் நீட்டிக்கொண்டான், டிக்கெட்டை மாற்றினான்.

மறுநாள் அவன் அப்பாவைப் புரட்டியபோது அவர் வலியில் முனகினார். ஆனந்தமேரி ஓடிவந்தாள். போய்ப் படு என்று துரத்தினான். படுத்தாளே தவிர கண் மூடவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள்தான் மத்தியானம் வரைக்கும் அசையாமல் தூங்கினாள்.

நடந்ததை அவள்தான் சின்னப்பாப்பாவிடம் சொன்னாள். சின்னப்பாப்பா துடைப்பத்தை வைத்துவிட்டுப் போனவள் நாலு நாள் வரவில்லை. விக்டர் வைத்திக்குப்பம் போனான். படகுகளுக்குப் பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவளிடம், பெயரைச் சொன்னது நான்தான் என்றான்.

"போலீசு வந்து நின்னிருந்தா எம் புள்ளைங்க மொகத்துல எப்பிடிங்க முழிச்சிருப்பேன்?"

அடுத்த வாரம் வேலைக்கு வந்தாள். ஆனால் அவன் ஊருக்குக் கிளம்பும்வரை அவனுடைய அறைப் பக்கமே போகவில்லை.

மே மாதம் வருகிறேன் என்று சொல்லிப் போனவன் சொன்னபடியே வந்து இருபது நாள் இருந்தான். முதல் நாலு நாளும் ஆனந்தமேரி கதவோரம் நின்று, அப்பாவை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் காலையில் அப்பாவை அவனிடம் விட்டுவிட்டு, கன்னியம்மாளோடு ஊர் சுற்றிவரக் கடலூர் பஸ் ஏறிப் போனாள்.