அருந்ததி சொன்ன தண்ணீர்

அருந்ததியின் சவப்பெட்டியை வாகனத்திலிருந்து இறக்குவதற்கு முன்பே கனகசபாபதி வந்து அவளுடைய புருசன் சுந்தரலிங்கத்தின் முழங்கையைப் பிடித்துத் தூணடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"லிங்கம், இப்ப கதைக்கிற கதையில்லைத்தான். ஆனா பிறகு நேரம் வராது. டெங்குச் சாவெண்டால் சுகாதாரப் பரிசோதகர் கட்டாயம் வருவினம். கடைசி ரெண்டு கிழமையும் அருந்ததி எங்க நிண்டவ எண்டு கேப்பினம்."

சுந்தரலிங்கம் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கேக்கட்டுமன் அண்ணை."

"யாழ்ப்பாணத்தில தெல்லிப்பளைக்குக் கலியாணவீட்டுக்குப் போட்டு வந்தவ எண்டு சொல்லு. அங்கயும் நுளம்பு இருக்குத்தானே. கதை அங்கயே முடிஞ்சிடும்."

"அவ போகேல்லையே அண்ணை."

"போகேல்லைத்தான். ஆருக்குத் தெரியும்? நான் உன்னட்ட வேற என்ன கேட்டனான் இவ்வளவு காலமும்?"

அது உண்மை. பெரியப்பாவின் மகனான கனகசபாபதி இதுவரை எதுவும் கேட்டதில்லை. கொடுத்ததுதான் அதிகம். போரில் இடம்பெயர்ந்து கையில் ஒரு பையோடு கொழும்பு வந்திறங்கியவர்களுக்கு வெள்ளவத்தையில் தன்னுடைய இந்த மாடிக்கட்டடத்தில் ஒரு வீட்டைத் திறந்துவிட்டவர் அவர். சுற்றிவளைப்பில் சுந்தரலிங்கத்தை அள்ளிக்கொண்டு போனபோது பொலிஸ் நிலைய வாசலில் நனைந்தபடி நின்று மீட்டு வந்தவரும் அவர். அப்படிப்பட்டவருக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் நாக்கு சுந்தரலிங்கத்துக்கு எங்கே இருந்தது?

அவர் பதில் சொல்லவில்லை. கனகசபாபதி அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு தோளில் தட்டிவிட்டுப் போனார்.

சங்கதி இதுதான். பக்கத்து வளவில் கனகசபாபதி புதிய தொடர்மாடி கட்டத் தொடங்கியிருந்தார். கார் நிறுத்துவதற்கென்று நிலத்துக்குக் கீழே ஆழமாகத் தோண்டிய பிறகு, சீமெந்து விலை ஏறி வேலை நின்றுபோயிற்று. மழை நிற்கவில்லை. தோண்டிய பள்ளம் குளமாயிற்று. தெருவில் நின்று பார்த்தால் தகர வேலி மட்டும்தான் தெரியும். கேற்றில் பூட்டு. சாவி முதலாளியிடம் என்று காவலாளி சொல்லுவான். முதலாளி ஊரில் இல்லை என்றும் சொல்லுவான். உள்ளே தண்ணீர் கிடப்பதை முழுதாகப் பார்க்கக்கூடிய ஒரே இடம் சுந்தரலிங்கத்தின் வீட்டுக் குசினிப் பல்கனி.

அருந்ததி அங்கே நின்றுதான் மாநகரசபைக்குத் தொலைபேசி எடுப்பாள். ஆனால் தன் பெயரைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டாள், வீட்டு இலக்கம்கூடச் சொல்லமாட்டாள். "முறைப்பாடு செய்யும், வேண்டாமெண்டு சொல்லேல்லை. எங்கட வீட்டுக்குள்ள மட்டும் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வராதையும். அண்ணை தந்த வீடு" என்று புருசன் கும்பிடாத குறையாகக் கேட்டிருந்தார். ஊரோடெல்லாம் சண்டை பிடித்த அந்த மனுசி, அந்த ஒன்றில் மட்டும் அவருக்கு விட்டுக்கொடுத்தாள்.

பெட்டியை மேலே கொண்டுவந்து மண்டபத்தில் வைத்தார்கள். மகள் மிதுனா தாயின் தலைமாட்டில் குத்துவிளக்கைக் கொளுத்திவிட்டு, சேலைத் தலைப்பை நேராக்கினாள். கத்தரிப்பூ நிறச் சேலை. ஆசுபத்திரிக்குப் போகும்போது அருந்ததி தானே பையில் அடுக்கியது. காய்ச்சல் விட்டதும் மற்றவர்களைப்போல அருந்ததி சந்தோசப்படவில்லை. "விடுற நேரம்தான் பயம். இது எனக்கு ரெண்டாந்தரம் வந்த டெங்கு" என்று சொல்லி, மூன்று சில்லு வண்டியைத் தானே கூப்பிட்டுக் களுபோவிலை ஆசுபத்திரிக்குப் போனாள். அதற்கு முந்திய நாட்களெல்லாம் வீட்டில் பகலிலும் நுளம்புவலைக்குள்தான் கிடந்தாள். வெக்கைக்குள் ஏன் கிடக்கிறீர் என்று கேட்டதற்கு, "என்னைக் கடிச்ச நுளம்பு போய்க் கீழ்வீட்டுப் பிள்ளையைக் கடிக்கவோ?" என்றாள். வைத்தியர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். உடம்புதான் கேட்கவில்லை.

சுந்தரலிங்கத்துக்கு உள்ளுக்குள் இன்னொரு பயம் இருந்தது. இந்த ஒழுங்கையில், தேங்கிய தண்ணீருக்காக அருந்ததி மாநகரசபையிடம் பிடித்துக் கொடுக்காத வீடு குறைவு. வருவார்களா? வந்தாலும் வாய்க்குள் என்ன சொல்லிக்கொண்டு வருவார்கள்?

முதலில் வந்தவள் கீழ்வீட்டு பஸ்லா. அழுதழுது மூக்கு சிவந்திருந்தது.

"எனக்கு கோட்டுல பைன் கட்ட வெச்சதே இவதான் லிங்கம் அண்ணன்," என்று தொடங்கினாள். பஸ்லா மற்றப் பெண்களின் பக்கம் திரும்பினாள். "பெருநாளைக்கு வீட்டுக்கு வந்தா. வட்டிலப்பம் திண்டா. 'நல்ல ருசி பஸ்லா' எண்டா. கையக் கழுவிட்டு நேரா பிரிஜ்ஜுக்குப் பின்னுக்குப் போய் குந்திட்டா! அங்க தண்ணி வடியிற தட்டு ஒண்டு ஈக்கிதாம். அதுல புழு நெளியுது. அல்லாவே, அப்பிடி ஒரு தட்டு ஈக்கிறதே எனக்குத் தெரியா. அடுத்த நாளே ஆள் வந்திட்டாங்க."

"தின்ன வட்டிலப்பத்துக்காவது பாவம் பாத்திருக்கலாம்," என்றாள் யாரோ ஒருத்தி.

"அதையே நானும் கேட்டன். 'வட்டிலப்பத்துக்கு நன்றி வேற, புழுவுக்கு பைன் வேற' எண்டா."

பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்தபடியே பஸ்லா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அந்த வருசம் எங்கட பக்கத்துல ரெண்டு பிள்ளைக்கு டெங்கு. எண்ட மகனுக்கு வரல்ல."

வாசலடியில் நின்ற முச்சக்கரவண்டிச் சுமனுக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "மழத்தண்ணி தேங்கின என்னோட பழைய டயர அம்மா நடு ரோட்டுல உருட்டிக்கிட்டே போனாங்க. நான் பின்னால ஓடுறேன், சந்தியே வேடிக்கை பாக்குது. 'பொலிசுக்கு உருட்டவா, கராஜுக்கு உருட்டவா, நீயே சொல்லு'ன்னாங்க!"

"என்னை விட்டவவோ?" சுந்தரலிங்கம் தன்னையறியாமல் சொன்னார். "என்ர கடைக்கு மேல கட்டின படங்குக்குள்ள மழைத்தண்ணி தேங்கி நிண்டது. என்ர மனுசிதான் போன் அடிச்சுச் சொல்லிக் குடுத்தவ. அண்டைக்கும் எனக்குச் சோறு போட்டவ."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். மிதுனாவும் பார்த்தாள். அம்மாவின் இந்த வேலையைப் பற்றித் தகப்பன் வாய்திறந்தால் 'குறை நினையாதேங்கோ' என்று அயலிடம் மன்னிப்புக் கேட்கத்தான் திறப்பார். இன்றைக்குத்தான் முதன்முறையாக அவர் நிமிர்ந்திருந்து சொன்னார்.

கதிரைகள் போதவில்லை. படிக்கட்டிலும் ஆட்கள் நின்றார்கள்.

ஐயர் வந்து சுந்தரலிங்கத்தை முழுகி வரச் சொன்னார். ஆண்பிள்ளை இல்லாத வீடு, கொள்ளி வைக்கப் போகிறவர் அவர்தான். ஈர வேட்டியோடு வந்து இருந்தார். விரலில் தெர்ப்பை மாட்டி மந்திரம் தொடங்கிய நேரத்தில், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் குடையுமாக ஒரு பெண் வாசலில் தயங்கி நின்றாள். பெயர் டில்ஷானி, மாநகரசபைச் சுகாதாரப் பரிசோதகர்.

கனகசபாபதி எழும்பிப்போய்ச் சிங்களத்தில் கதைத்தார். செத்தவீடு, நாளைக்கு வாருங்கள், எல்லா விபரமும் நான் தருகிறேன் என்றார். யாழ்ப்பாணம் போய் வந்த இடத்தில் தொற்றியது என்றும் சொன்னார். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பெட்டிக்கு முன்னால் கைகூப்பினாள். நீண்ட நேரம் முகத்தையே பார்த்தாள். பிறகு மிதுனாவிடம் தெரிந்த தமிழில் சொன்னாள்:

"அம்மா எனக்கு ஒவ்வொரு கிழமையும் போன் எடுக்கிற. 'மகள், தண்ணி இன்னும் இருக்கு' சொல்லுற. நான் வாற, கேற் பூட்டு, திரும்பிப் போற. அட்ரஸ் கேட்டா அம்மா குடுக்கிறதில்ல. இன்னைக்கு ஆசுபத்திரி அட்ரஸ் அனுப்பின. பேர் பார்த்த உடன தெரிஞ்சது." பெட்டியைக் காட்டினாள். "முகம் இன்னைக்குத்தான் பாக்கிற."



அவள் சுந்தரலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். "மாத்தயா, மன்னிக்கணும். அம்மா யாழ்ப்பாணம் போனதா?"

கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுந்தரலிங்கத்துக்கு அந்தப் பொலிஸ் நிலைய வாசல் ஞாபகம் வந்தது. நனைந்த சட்டையோடு நின்ற அண்ணை ஞாபகம் வந்தார். பெட்டிக்குள் அருந்ததியின் வாய் கொஞ்சம் திறந்தாற்போல் இருந்தது, கதையின் நடுவில் நிறுத்தியவளைப்போல.

அவர் எழும்பினார்.

"இருங்கோ இருங்கோ," ஐயர் பதறினார். "தெர்ப்பை போட்டாச்சு. இடையில எழும்பப்படாது."

"ஒரு நிமிசம் ஐயா. அவவின்ர வேலைதான்." பரிசோதகரைப் பார்த்துச் சொன்னார்: "அவ ஒரு இடமும் போகேல்லைப் பிள்ளை. இஞ்சதான் நிண்டவ. வாரும், எங்க நிண்டவ எண்டு காட்டுறன்."

ஈர வேட்டி நிலத்தில் சொட்டச் சொட்ட அவர் முன்னே நடந்தார். குசினிப் பல்கனிக் கதவு மழைக்கு ஊதி இறுகியிருந்தது. தோளால் இடித்துத் திறந்தார். கீழே, தகர வேலிக்குள், பாசி படர்ந்த தண்ணீர் வெயிலில் பச்சையாக அசையாமல் கிடந்தது. அதில் ஒரு சீமெந்துப் பை மிதந்தது. டில்ஷானி கைத்தொலைபேசியால் படமெடுத்தாள். பிறகு யாருக்கோ அழைப்பெடுத்தாள், குரலை உயர்த்திச் சிங்களத்தில் கதைத்தாள்.

சுந்தரலிங்கம் திரும்பியபோது கனகசபாபதி குசினி வாசலில் நின்றார்.

"நல்லாச் செய்தாய், லிங்கம்."

"ஓம் அண்ணை," என்றார் சுந்தரலிங்கம். "நீங்கள் எனக்குச் செய்ததை நான் மறக்கேல்லை. இது அவவின்ர கணக்கு."

கனகசபாபதி படியிறங்கிப் போய்விட்டார். ஐயர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

மதியம் திரும்பி, வாய்க்கரிசி போட்டு, பெண்கள் பெட்டியைச் சுற்றிவந்து அழுது முடிந்து, தூக்கும் நேரம் வந்தபோது, வெளியே ஒரு இயந்திரம் உறுமத் தொடங்கியது. யன்னலால் எட்டிப் பார்த்த மிதுனா, "அப்பா," என்றாள். பக்கத்து வளவைக் கையால் காட்டினாள்.

ஒழுங்கையில் பெட்டியைத் தோளில் கொண்டுபோய், பெரிய தெருவான காலி வீதியில் நிற்கும் வாகனத்தில் ஏற்றுவதாக ஒழுங்கு. சுமன் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். கொள்ளிச்சட்டியோடு சுந்தரலிங்கம் முன்னால் நடந்தார். பக்கத்து வளவின் கேற் அகலத் திறந்து கிடந்தது. உள்ளிருந்து வந்த தடித்த குழாய் வழியே பச்சைத் தண்ணீர் கொப்பளித்துப் பாய்ந்து, தெருவோரக் கான் நிரம்பி, ஒழுங்கையின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைவரை பரவி ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா, ஓரத்தால போவமா? வேட்டி நனையும்," என்றான் சுமன்.

"வேண்டாம். நடுவால போங்கோ."

அவர் வேட்டியை உயர்த்தவில்லை. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, குளிர்ந்திருந்தது. பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகச் செருப்போடு அதற்குள் இறங்கி நடந்தார்கள்.