குறிப்பேட்டில் விடுபட்ட அத்தை

1.

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. காதில் விழுந்தது. எனக்கு எல்லாக் கதையும் அப்படித்தான். முகமெல்லாம் பிறகு வரும், முதலில் இரண்டு பேர் பேசிக்கொள்வது கேட்கும்.

"தரை ஆடுதும்மா."

"ஆடத்தானே சொல்லிக்குடுக்கறேன்."

"நீங்க ஆடுங்க. என் மேசை ஏன் ஆடணும்?"

கேட்பவர் பக்கத்து வீட்டுக் கடிகாரக்காரர். வீட்டிலேயே கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். பதில் சொல்பவள் என் மருமகள். மாலையில் எங்கள் முன்னறையில் ஆறு பேருக்கு நடனம் கற்றுத்தருகிறாள். முந்தின இரண்டு இடங்களிலும் சத்தம் என்று அனுப்பிவிட்டார்கள், இது மூன்றாவது.

கட்டடம் முழுக்க மரம். இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் உண்டு. ஆனால் தரையைத் தாங்கும் மரங்கள் சுவருக்கு அடியில் புகுந்து ஒரே நீளமாக அந்தப் பக்கமும் போகின்றன.* இங்கே குதித்தால் அங்கே கடுகளவு திருகு இடுக்கியிலிருந்து நழுவும்.

(* இதைக் கடைசியில் ரகசியம்போல் உடைக்க நினைத்திருந்தேன். கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது.)

கட்டட நிர்வாகி சொல்லிவிட்டார்: அதிர்வைச் சோதிப்போம். வரம்புக்குள் இருந்தால் வகுப்பு நடக்கட்டும், தாண்டினால் மூட வேண்டும்.

2.

முதல் தொடக்கம்: "கடிகாரக்காரர் ஈவிரக்கமற்றவர். அவர் கண்களில்…"

இல்லை. வில்லனாக்கிப் பார்த்தேன், மனிதர் ஒத்துழைக்கவில்லை. போன வாரம் என் கடிகாரத்தைத் திருப்பித் தந்தபோது, "பட்டையையும் மாத்திட்டேன், பழசு கையை அறுக்கும்" என்றார். இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

இரண்டாவது தொடக்கம்: "பொறியாளர் பெண் சுத்தியலோடு வந்தாள்." இது பரவாயில்லை.

நிர்வாகி அனுப்பி வந்தவள் எங்கள் முன்னறைத் தரையில் சாக்கட்டியால் கட்டங்கள் போட்டாள். கடிகாரக்காரரின் மேசையில் தீப்பெட்டி அளவு அதிர்வுமானி ஒன்றை ஒட்டினாள். ரப்பர் தலைச் சுத்தியலால் கட்டம் கட்டமாகத் தட்டினாள். இந்தத் தரையின் மாதிரி ஒன்று அவள் கணினியில் இருந்தது. அறையில் என்னென்ன உண்டோ அதையெல்லாம் அதற்குச் சொல்ல வேண்டுமாம். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்: அலமாரி ஒன்று, மேசை ஒன்று, கண்ணாடி ஒன்று, நாற்காலி ஒன்று.

"எப்படி இருக்கு?" என்றாள் மருமகள்.

"சட்டுனு அடங்கிடுதுக்கா. வரம்புக்குள்ளதான். ஆனா கணினி, இதைப்போல ரெண்டு மடங்கு நேரம் ஆடணும்னு சொல்லுது. நாளைக்கு ஒரு தடவை தட்டிப் பாத்துடறேன்."

3.

மறுநாள் நான் பல் மருத்துவரிடம் போயிருந்தேன். ஆகவே இது நான் கேட்காத உரையாடல். [மருமகள் நடித்துக் காட்டியது. எல்லாருக்கும் சரியாகக் குரல் கொடுத்தவள், தன் பதற்றத்தை மட்டும் குறைத்துக்கொண்டாள்.]

"என்னக்கா, இன்னைக்கு நிக்கவே மாட்டேங்குது. கணினி சொன்னபடியே ஆடுது."

"அப்ப மூடணுமா?"

"இருங்க. நேத்து இருந்தது எதையாவது எடுத்துட்டீங்களா?"

"எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு."

எட்டிப் பார்க்க வந்த கடிகாரக்காரர்தான் சொன்னாராம்: "அந்த நாற்காலில உங்க மாமியார் இருப்பாங்களே?"

பொறியாளர் குறிப்பேட்டைப் புரட்டினாள். நாற்காலி இருந்தது. அத்தை இல்லை.

சத்தமில்லாமல் உட்கார்ந்து பிறர் பேச்சைக் கேட்பது என் பழக்கம். [தொழில் என்று எழுதி அடித்துவிட்டேன்.] இவ்வளவு சத்தமில்லாமல் இருந்தது எனக்கே தெரியாது.

4.

நான் வந்ததும் வராததுமாகப் பொறியாளர் என்னை நாற்காலியில் உட்காரவைத்துத் தரையைத் தட்டினாள். எழுப்பிவிட்டுத் தட்டினாள்.

"கல்லு மூட்டைய வச்சா அதுவும் தரையோட சேந்து ஆடும்மா. மனுஷ உடம்பு அதிர்வைக் குடிச்சுடும். இது லேசான தரை. நீங்க வேற சரியா நடுவுல உக்காந்திருக்கீங்க."

"எடையைக் குறைன்னு டாக்டர் திட்டறார்."

"திட்டிட்டுப் போகட்டும்."

மருமகள் சிரிக்கவில்லை. "எந்த அளவை எழுதப்போறே?"

"ரெண்டையும்தான்க்கா. அத்தையோட, அத்தை இல்லாம. நடந்ததைத்தானே எழுத முடியும்."

முடிவு அ: நிர்வாகி கையைப் பிசைந்து, வகுப்பை மூடச் சொல்கிறார். மருமகள் நான்காவது இடம் தேடி…

[வேண்டாம். எழுதக் கை வரவில்லை.]

முடிவு ஆ: கடிகாரக்காரரும் நடனம் பழக வருகிறார். அவர் முழங்கால் சம்மதிக்காது.

உண்மையில் நடந்தது: அறிக்கையைப் படித்த நிர்வாகி கடிகாரக்காரரைப் பார்த்தார். அவர், "அந்தம்மா உக்காந்தா எனக்குச் சம்மதம்" என்றார். வகுப்பு முடியும்வரை நான் எழுந்திருக்கக் கூடாது. எழுந்து, அங்கே ஒரு திருகு தொலைந்தால் வகுப்பும் தொலைந்தது.

5.

அந்த நாற்காலியிலிருந்துதான் எழுதுகிறேன். என்னைச் சுற்றி ஆறு பேர் குதிக்கிறார்கள், மருமகள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். வகுப்புக்கு முன்பே தன் வேலை முடிந்துவிட்டால் கடிகாரக்காரர் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். அதுதான் எனக்கு விடுதலை. வயதான காலத்தில் உட்கார்ந்தே ஒரு குடும்பத்துக்கு உதவுவது எத்தனை பேருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்.

ஆனால் இன்று இன்னும் தட்டவில்லை. எனக்கோ தாகம். சமையலறைவரை போய்வர ஒரு நிமிடம்.

நீங்கள் இவ்வளவு நேரமும் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள். வாருங்கள், இப்படி உட்காருங்கள். சரியாக நடுவில். ஒன்றும் செய்ய வேண்டாம், காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் போதும்.

மருமகள் மூன்று எண்ணிவிட்டாள். நாலுக்குக் குதிப்பார்கள்.