மணல் மூடிய கிணறு

“என் வூட்டுக் கிணத்த இன்னாத்துக்குய்யா கதையில எழுதுன?”

ஜெயவேல் மேஸ்திரி போட்ட சத்தத்தில் ராயபுரத்தின் எங்கள் சந்தே வாசலுக்கு வந்துவிட்டது.

“மேஸ்திரி, அது சும்மா கற்பனை,” என்றார் லூயிஸ், சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல்.

“கற்பனையா? மணலு கொட்டி மூடுன கிணறு இந்தச் சந்துல வேற எவன் வூட்ல கீது?”

நியாயமான கேள்விதான். துறைமுகத்தில் குமாஸ்தாவான லூயிஸ், வாரப் பத்திரிகையில் துப்பறியும் தொடர்கதை எழுதுவார். கொலைக்கு இடம் தேடி வெளியே அலைவதில்லை. எங்கள் சந்தே போதும். காத்தூன் பீவியின் இடியாப்பக் கடை வந்திருக்கிறது. எங்கள் வீட்டு ஆடுகூட வந்திருக்கிறது. தன்னை எழுதவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. எழுதியதற்காக வந்தவர் மேஸ்திரி ஒருவர்தான்.

மணல் போட்ட கிணற்றுக்குள் ஒரு பெண்ணின் பிணம் என்று எழுதி, ‘தொடரும்’ போட்டிருந்தார் லூயிஸ். மணல் மட்டும் நிஜம். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானது. திரும்பி வந்து பார்த்தால், குண்டுத் தீயை அணைக்கச் சந்து முனையில் குவித்திருந்த மணல் மேட்டைக் காணோம். மேஸ்திரி வீட்டுக் கிணறு மூடியிருந்தது. அவர் மனைவி தாயம்மாவும் இல்லை. தானும் அவளும் எல்லாருக்கும் முன்னால் பொன்னேரிக்குக் கிளம்பிவிட்டதாகவும், அங்கே அவள் காலராவில் போய்விட்டாள் என்றும் மேஸ்திரி சொன்னார். மணலைத் தூக்கியவனுக்கு நாலு வசவு, தாயம்மாவுக்கு நாலு சொட்டுக் கண்ணீர். அத்தோடு மறந்துவிட்டோம்.

மேஸ்திரி லூயிஸின் சட்டையைப் பிடித்தார். “எவன்யா உங்கிட்ட சொன்னது? அன்னிக்கு சந்துல ஒரு நாயி கெடயாது! நீங்கல்லாம் ஓடிட்டீங்க! எவன் பாத்தான்?”

காத்தூன் பீவிக்கு வாய் சும்மா இருக்காது. “இன்னா நைனா, நீ எங்களுக்கு முன்னாடியே பொன்னேரி பூட்டேன்னியே?”

மேஸ்திரியின் பிடி மெல்லத் தளர்ந்தது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் விரல் நீட்டும் ஆளுக்குத்தான் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. நாங்கள் அந்த விரலைப் பார்த்தோம். இடியாப்பம் வேகிறது என்று காத்தூன் பீவி உள்ளே போய்விட்டாள்.

லூயிஸின் முகத்தில் ரத்தமே இல்லை. இட்டுக்கட்டிய பிணம் எதிரே நிஜமாகிவிட்டது.

“முடிவு எப்ப வருது?” மேஸ்திரியின் குரல் இப்போது சாந்தமாக இருந்தது.

“வர்ற வாரம்...”

“தோண்டிப் பாத்தாங்க, ஒண்ணியும் இல்லன்னு எழுது. உம்பொண்ணு டோரதி ரயில்வே கேட்டு தாண்டித்தான இஸ்கூலுக்குப் போவுது?”

லூயிஸின் மனைவி ஆலிஸ் அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். டோரதி அந்த வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை.

கிணறு காலி என்றுதான் கதை முடிந்தது. இதற்கா இத்தனை வாரம் படித்தோம் என்று வாசகர்கள் பத்திரிகைக்கு எழுதித் திட்டினார்கள். லூயிஸ் அப்புறம் எழுதவேயில்லை. வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு அரக்கோணம் போனார். டோரதிக்கு அங்கேயே ஒரு ரயில்வே மாப்பிள்ளை அமைந்தது.

அடுத்த தை மாதம் மேஸ்திரி புஷ்பவல்லியைக் கட்டிக்கொண்டார். எங்களில் யாராவது அவளிடம் சொல்லியிருக்கலாம். கல்யாணச் சாப்பாடு நன்றாக இருந்தது. கிணற்று மேட்டில் அவள் முருங்கை வைத்தாள். சரம் சரமாகக் காய்க்கிறது. கேட்டால் கொடுப்பாள்.

நாங்கள் கேட்பதில்லை.