காளையின் தொடையில் ஒரு தேங்காய் மூடி

பொய்யை அழகாகச் செய்வதில் மெல்வினை மிஞ்ச ஆள் கிடையாது. காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த டி.டி.பி. சென்டரில் வேலை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கட்சி நோட்டீஸ் எல்லாம் மற்றவர்கள் அடிப்பார்கள். போட்டோஷாப் மட்டும் அவனுடையது. தொண்ணூற்றாறில் கோயமுத்தூரில் அது தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தத் திமிரும் அவனிடம் கொஞ்சம் இருந்தது.

காங்கேயத்தில் எண்ணெய் மில் ஒன்றைப் புதிதாகக் குத்தகைக்கு எடுத்திருந்த பாலகோபால், புத்தாண்டுக் காலண்டருக்காக வந்தார். மெட்ராஸில் வளர்ந்தவர், மாட்டையும் தேங்காயையும் ஒரே சமயத்தில்தான் அறிமுகம் செய்துகொண்டிருந்தார். மேய்ச்சல் காட்டில் நிற்கும், சாம்பல் பூத்த ஒரு மயிலைக் காளையின் போட்டோவை நீட்டி, அதன் தொடையில் மில்லின் முத்திரையைச் சூடு போட்டது மாதிரி வைத்துத் தரவேண்டும் என்றார். வட்டத்துக்குள் ஒரு தேங்காய் மூடி, அதுதான் முத்திரை. ஒட்டவைத்தது போலத் தெரியக்கூடாது என்று மூன்று தடவை சொன்னார்.

மெல்வினுக்கு அது பிடித்துப்போனது. முத்திரையைத் தொடையின் வளைவுக்கு ஏற்ப இழுத்து வளைத்தான். நிறத்தைக் கருகலாக்கி, அடியில் இருக்கும் மயிர் மேலே தெரியும்படி கலந்தான். ஓரங்களை மழுங்கடித்து, வெயில் விழும் பக்கத்தை வெளுக்க வைத்தான். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே மங்கலாக மூன்று கோடு ஓடியது. முள்வேலி கிழித்த தழும்பு என்று நினைத்தான். பக்கத்து மயிரைப் பிரதி எடுத்து அதன்மேல் போட்டு மூடினான். அது சூலம் என்று அவனுக்கு யார் சொல்வது? ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற டவுன் பிள்ளை, கோயில் மாட்டுக்குக் குறி போடுவதை எங்கே பார்த்திருப்பான்?

படத்தைப் பார்த்த பாலகோபால் தொடை இருக்கும் இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். காலண்டர் அச்சாகி ஊரெல்லாம் போனது.

தை பாதியில் நாலு பேர் மாடியேறி வந்தார்கள். முன்னால் வந்தவர் காளிச்சாமி. காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் அம்மன் கோயில் காரியம் பார்ப்பவர். வெள்ளை வேட்டி, மடித்த துண்டு, அதைவிட மடித்த குரல். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட காளையை மார்கழியிலிருந்து காணோம், எங்கோ மேய்ந்துகொண்டிருக்கும் என்று இருந்தோம், டீக்கடைச் சுவரில் காலண்டரில் அதன் கொம்பையும் திமிலையும் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது என்றார். மில்லில் கேட்டால் முதலாளி ஊரில் இல்லை, படம் செய்தவன் காந்திபுரத்தில் இருக்கிறான் என்று கையைக் காட்டிவிட்டார்கள்.

"அம்மன் குறிய அழிச்சுப்போட்டு மில்லுக் குறிய வெச்சிருக்கறாங்க. மாடு எங்கீங்க தம்பி?"

மெல்வின் நாற்காலியைத் திருப்பி அவர்களைப் பார்த்தான். இது நிஜமில்லை, கம்ப்யூட்டர் வேலை என்றான். நாலு பேரும் அவனை இரக்கத்தோடு பார்த்தார்கள். கேமரா இல்லாததை எப்படிக் காட்டும்? சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று ஃபைலைத் திறந்தான். முத்திரை படத்தின்மேல் கண்ணாடித்தாள் மாதிரி தனி அடுக்கில் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினான். தேங்காய் மூடி மறைந்தது. பார்த்தீர்களா என்று திரும்பினான். அவர்கள் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்திருந்தார்கள்.

"செரிங்க. சூலம் எங்கீங்க?" என்றார் காளிச்சாமி.

திரையில் காளையின் தொடை மொழுமொழுவென்று இருந்தது. தழும்பை மூடியதை அவன் அடிப்படத்திலேயே செய்திருந்தான். அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அசல் போட்டோவை பாலகோபால் அன்றே வாங்கிப்போய்விட்டார். காப்பாற்றும் என்று திறந்த படமே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஊருக்கு வந்து அம்மன் முன்னால் சொல்லச் சொன்னார்கள். பூப் போட்டு அம்மனிடம் வாக்குக் கேட்பார்களாம். சென்டர் முதலாளி தேவானந்தம் அவனுடைய சர்ச்சுக்காரர்தான். போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடு என்று கீபோர்டைப் பார்த்தபடியே சொன்னார். பயந்தவனை இன்னும் பயமுறுத்த அதைவிட நல்ல வார்த்தை கிடையாது.

வேனில் அவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, காற்று அடிக்கிறதா, கண்ணாடியைச் சாத்தட்டுமா என்று விசாரித்தார்கள். கொங்குச் சீமையில் எலும்பை முறிப்பதாக இருந்தாலும் ஒரு 'ங்க' போட்டுவிட்டுத்தான் முறிப்பார்கள். உண்டியலில் கை வைத்த ஒருவன் பூவாக்கில் மாட்டினான், இன்றைக்கும் அவனுக்கு அந்தக் கை மடங்குவதில்லை என்று பின்சீட்டுக்காரர் சாவகாசமாகச் சொன்னார். மெல்வின் தன் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டான். அந்தக் கைதான் அவனுக்குச் சோறு போடுவது. பல்லடம் தாண்டியும் அதை விடவில்லை.

கோயிலில் கூட்டம் கூடியிருந்தது. யாரும் சத்தம் போடவில்லை. அவனுக்கு வழி விட்டார்கள். அம்மன் முன்னால் நிறுத்தி, நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். ஏசுவே என்று வாய்வரை வந்ததை விழுங்கினான். இந்த இடத்தில் அவரைக் கூப்பிட்டால் இரண்டு பேருக்கும் கோபம் வருமோ என்று பயம்.

"அந்த மாட்டு மேல ஒரு இரும்பும் படலீங்க. எல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சதுங்க."

பூசாரி வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டார். வெள்ளை வந்தால் அவன் சொன்னது மெய். சிவப்பு வந்தால் பொய். ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். அவள் ஒன்றைத் தொட்டாள், விட்டாள், இன்னொன்றைத் தொட்டாள். மடிப்பைக் காளிச்சாமி பிரித்தார்.

வெள்ளை.

காளிச்சாமியின் முகம் பூவைவிட வெளுப்பாக மாறி, பிறகு சிரித்தது. மெல்வினின் தோளைத் தட்டினார். அம்மனே சொன்னபிறகு பேச்சில்லை, தம்பியை அலைக்கழித்துவிட்டோம் என்று வருத்தப்பட்டார். டீ வந்தது. டவுன் வரைக்கும் பஸ் ஏற்றிவிட ஆளும் தயாரானது. மெல்வின் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். அழுகை வந்தது. அடக்கவில்லை.

அப்போதுதான் வெளியே ஆட்கள் விலகினார்கள். அறுந்த கயிறு கழுத்தில் இழுபட, காளை கோயில் வாசலுக்கு வந்து நின்றது. பின்னங்காலை ஊன்ற முடியாமல் தூக்கித் தூக்கி வைத்தது. பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தவன் மில்லின் லோடுமேன். கூட்டத்தைப் பார்த்ததும் அவன் ஓட்டம் நின்றது. கையில் காலண்டர் படத்தைச் சுருட்டி வைத்திருந்தான்.

தொடையில் வட்டம். வட்டத்துக்குள் தேங்காய் மூடி. தோல் கருகி வெடித்து, நீர் வடிந்து, ஈ மொய்த்தது. அதற்கடியில் சூலத்தின் ஒரு நுனி மட்டும் மிச்சமிருந்தது.

லோடுமேன் கேட்காமலே உளறினான். படம் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, மாட்டுச் சந்தையில் நிஜமாகவே இப்படி ஒரு காளையை நடத்திக்கொண்டு போனால் மில்லுக்குப் பேராகும் என்று முதலாளிக்கு ஆசை. படத்திலிருந்த காளையையே ஆளைவிட்டுப் பிடித்துவரச் சொன்னார். பிடித்தவர்கள் எல்லாரும் அசலூர் ஆட்கள், கோயில் மாடு என்று தெரியாது.

"என்னமோ பழைய கோடு இருந்துதுங்க. படத்துல அது இல்லீங்களே. இல்லாததுனால தழும்புதான்னு நெனச்சு அது மேலயே வெச்சுப்போட்டோமுங்க. படத்துல இருக்கற எடத்துலயே."

மெல்வின் அந்தப் புண்ணைப் பார்த்தான். அளவு அவன் போட்டது. இடம் அவன் குறித்தது. உண்மையாகத் தெரிய வேண்டும் என்று திரையில் அவன் ஓரங்களை மழுங்கடித்திருந்தான். இரும்பு எதையும் மழுங்கடிக்கவில்லை. காளை தலையைத் திருப்பிப் புண்ணை நக்கப் பார்த்தது. நாக்கு எட்டவில்லை. கை போனாலும் போகட்டும், இதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

காளிச்சாமி காளையின் பக்கத்தில் போய் நின்றார். வெள்ளை அரளி இன்னும் அவர் உள்ளங்கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அம்மனைப் பார்த்தார், மெல்வினைப் பார்த்தார். பிறகு பஸ் ஏற்றிவிட எழுந்த ஆளை உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார். கோயில் வெளிக்கதவை யாரோ சாத்தினார்கள்.

"நீங்க டீயக் குடிங்க தம்பி," என்றார் காளிச்சாமி. "பஸ்ஸுக்கு அப்பறம் போலாமுங்க."